வலது மேல்பக்கத்துத் தழும்பு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, கணவன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "வாம்மா, உன் ஜாதகத்தை எழுதிடலாம்" என்றான்.

அவனுக்கு பி.ஆர்., இந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கிடைத்து அரை வருஷம் ஆகியிருந்தது. மீனும் காய்கறியும் ஐஸ்கிரீமும் மலைபோல் அடுக்கியிருக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரஸர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. கம்பெனிக்காரர்களே ஓடியாடி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளையும் அதிலேயே சேர்த்துக்கொண்டார்கள். மனைவிக்கு மட்டும் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டால், சட்டம் அப்படி என்றார்கள். அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது?

அவன் கேள்விகளைப் பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பதுபோல் படபடவென்று வாசித்தான். அவளும் எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"ராணுவத்துல இருந்திருக்கியா?"

"இல்ல."

"போலீஸ் கேஸு?"

"இல்ல."

"அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பாத்திருக்கியா?"

"பாப்பாவை ஸ்கூலுக்குக் கிளப்பவே நேரம் சரியா இருக்கு. இல்ல."

"கொலை?"

"இன்னும் இல்ல."

அவன் சிரித்தான். "பார்வையே சரியில்லையே. சரி, அடுத்தது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு?"

"இல்ல."

"காசநோய் எப்பவாவது வந்திருக்கா?"

"இல்ல."

அந்த 'இல்ல'யும் மற்றதெல்லாம் வந்த வேகத்திலேயே வந்தது. அவன் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனான். அவள் எழுந்து சமையலறைக்குப் போய், எதுவும் வைக்காத அடுப்பை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பட்டாணியில் பாதி தோலோடும் பாதி தோலில்லாமலும் ஒரே கிண்ணத்தில் கிடந்தன.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, சட்டத்தைச் சூடுகாட்டி இளக்கி, உள்ளே பொருத்துகிற வேலை. ஊரில் அவளுக்குக் 'கண்ணாடிக்காரப் பொண்ணு' என்றே பெயர். எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்கும்போது முதலில் அவர் கண்ணாடி நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பஸ்ஸில் போகும்போது, முன் இருக்கைக்காரரின் காதுக்குப் பின்னால் சட்டம் அழுத்திச் சிவந்திருப்பதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஆனால் இங்கே யார் காதை யார் தொட முடியும்? அவளுடைய விசா அட்டையில் அவள் பெயருக்குக் கீழேயே, வேலை செய்ய அனுமதி இல்லை என்று அச்சடித்திருந்தது. அதை முதன்முதலில் படித்தபோது, தன் பட்டப்பெயர் போலவே அவளுக்குத் தோன்றியது.

இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆயிற்று. காலையில் கணவன் கிளம்புவான். மகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வருவாள். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் மூன்றாம் மாடியில் அவளும் சலவை இயந்திரமும்தான். எதிர்வீட்டுப் பெண்மணி நல்லவள், பார்த்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு மேல் ஒரு சொல்லும் வளரவில்லை. சில நாள் மகள் வீட்டுக்கு வந்ததும் "ஏம்மா, உனக்குத் தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்பாள். கட்டியிருக்காது. காலையிலிருந்து பேசவேயில்லை, அவ்வளவுதான்.

கணவன் கெட்டவன் இல்லை. "இன்னும் கொஞ்ச நாள்தான். பி.ஆர். வந்துட்டா நீயும் வேலைக்குப் போ, நானே வந்து விட்டுட்டு வர்றேன்" என்பான். அந்தக் கொஞ்ச நாளைத்தான் அவளும் நாலு வருஷமாக இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

மருத்துவப் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவன் அதற்காக லீவு போட்டிருந்தான். ரத்தம், சிறுநீர், எடை, உயரம். எக்ஸ்ரே அறையில் மட்டும், ஒரு படம் எடுத்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எடுத்துக்கலாம். மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றாள். அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். வெளியே வந்ததும் கணவன் காபி வாங்கித் தந்தான். "அவ்வளவுதான், முடிஞ்சுது போ" என்றான். அவளுக்கு அந்த மூச்சு இன்னும் வெளியே வரவில்லை போலிருந்தது.

அடுத்த வாரம் போன் வந்தது. டாக்டர் பார்க்க வேண்டுமாம், நாளைக்கே வர முடியுமா என்று கேட்டார்கள். கணவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். உறைகிடங்குக்குள் போய்விட்டால் அவன் போன் எடுபடாது. அதுவும் நல்லதுதான் என்று நினைத்து, அவனிடம் சொல்லாமல் மறுநாள் தனியாகவே பஸ் ஏறினாள்.

டாக்டர் நடுவயதைத் தாண்டிய அம்மாள். கண்ணாடி இடதுபக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. திரையில் எக்ஸ்ரேயைக் காட்டி, வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் வெள்ளையாக நூல் இழுத்தாற்போல் இருந்த இடத்தைப் பேனாவால் சுற்றிக் காட்டினார்.

"இது பழைய தழும்பு மாதிரி இருக்கு. உங்களுக்கு எப்பவாவது டி.பி. வந்திருக்கா?"

அவள் தன் உடம்புக்குள் முதன்முறையாக எட்டிப் பார்த்தாள். இத்தனை நாள் அது அங்கேயே உட்கார்ந்திருந்ததா?

பத்தொன்பது வயதில் வந்தது. கண்ணாடிக் கடையில் சேர்ந்த முதல் வருஷம். சாயங்காலமானால் காய்ச்சல், விடாத இருமல், ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம். உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் தெருவே பார்த்துவிடும் என்று அம்மா அவளை இரண்டு ஊர் தள்ளியிருந்த அரசு மருந்தகத்துக்கு அனுப்பினாள். "யாராவது கேட்டா டைப்ரைட்டிங் கிளாஸ்னு சொல்லு" என்று சொல்லியனுப்பினாள். ஆறு மாசம் அதிகாலை பஸ்ஸில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு போய் மாத்திரை விழுங்கிவிட்டு வருவாள். முதல் மாத்திரை விழுங்கிய அன்று சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து, செத்துத்தான் போகப்போகிறோம் என்று குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருந்தோட நிறம்தான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு அத்தை வேறு, "நீதான் டைப்ரைட்டிங் படிக்கிறியே, இந்த மனுவைக் கொஞ்சம் அடிச்சுக் கொடேன்" என்று வந்து நின்றாள். கை சுளுக்கு என்று சொல்லி, இரண்டு வாரம் கையில் துணி சுற்றிக்கொண்டு திரிந்தாள். நோய் சரியாயிற்று. பெண் பார்க்க வந்தபோது, "சொல்லிடலாம்மா" என்றாள். "சொன்னா எவன் வருவான்? அது முடிஞ்சுபோன கதை. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றாள் அம்மா. மூச்சு விடவில்லை. முதல் வருஷம் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஒவ்வொரு வருஷமும் போகப்போக, நோயைவிட அதை மறைத்ததுதான் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஆமா. வந்திருக்கு" என்றாள் டாக்டரிடம். "முழுசா மருந்து சாப்பிட்டேன். படிவத்துல இல்லைன்னு சொல்லிட்டேன். பயம்."

அந்த நோய் தனக்கு வந்ததை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தடவை. அதுவும் தனக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பசித்தது.

"நிறைய பேர் அப்படித்தான் எழுதுறாங்க. திருத்தி அனுப்பிடலாம்" என்றார் டாக்டர். "உங்களைப் பார்த்தா இப்ப நோய் இருக்கிற மாதிரி தெரியல. ஆனா விதிப்படி மூணு நாள் காலையில சளி எடுத்து, அதுல கிருமி வளருதான்னு பார்க்கணும். வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் உங்க விண்ணப்பம் நகராது. பழைய மருத்துவச் சீட்டு ஏதாவது இருந்தா நல்லது."

பஸ் நிறுத்தத்திலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"சீட்டா?" அம்மாவின் குரல் சட்டென்று கீழே இறங்கியது. "அதையெல்லாம் அப்பவே கிழிச்சு அடுப்புல போட்டாச்சுடி. எதுக்கு இப்ப?"

சொன்னாள்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"இன்னைக்குச் சொல்லப்போறேன்."

"வேணாம் கண்ணு. நிமோனியான்னு சொல்லு. சின்ன வயசுல வந்துச்சுன்னு சொல்லு. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

"அவருக்குத்தாம்மா மெயில் வரும். விண்ணப்பத்துல அவர் மெயில்தான் கொடுத்திருக்கு."

"ஒரு நல்ல இடத்துல உன்னைக் கட்டிக்கொடுத்தேன்" என்றாள் அம்மா. பஸ் வந்தது, போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மகள் டி.வி. முன்னால் உட்கார்ந்ததும், கணவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. வளைத்தால் எங்காவது வழுக்கிவிடும் என்று தெரியும். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். பிசைந்த சோற்றில் கை அப்படியே இருந்தது.

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. இப்ப எனக்கு இல்ல. தழும்பு மட்டும்தான் இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க."

"உங்க வீட்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும். அப்பா போயிட்டாரு."

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது."

"உங்களுக்கு மட்டும் இல்லீங்க..." என்று ஆரம்பித்தாள். யாருக்குமே தெரியாது என்பது அவனுக்கு என்ன ஆறுதல்? நிறுத்திக்கொண்டாள்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். மிச்சத்தைச் சாப்பிட்டான், தட்டைக் கழுவினான், வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவினான். பிறகு மகளின் தலையணையையும் தன் போர்வையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான். "நீ காலையில சீக்கிரம் எழுந்து டெஸ்ட்டுக்குப் போகணும். அலாரம் அடிச்சா பாப்பா முழிச்சுக்குவா" என்றான். டெஸ்ட் அடுத்த வாரம்தான்.

சளி எடுக்கும் அறை மருத்துவமனையின் பின்பக்கம், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருந்தது. சின்ன அறை. ஒரு நாற்காலி, காற்றை வெளியே இழுக்கும் பெரிய மின்விசிறி, கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப்பக்கம் நின்று நர்ஸ் கையைக் காட்டி, ஆழமாக மூச்சிழுத்து இருமச் சொல்லுவாள். அவளுக்கு இருமலே வரவில்லை. இத்தனை வருஷமும் கூட்டத்தில் தொண்டை கமறினால்கூட அடக்கி அடக்கி, இருமுகிற வித்தையே உடம்புக்கு மறந்துபோயிருந்தது. பொய்யாக ஒரு இருமல் இருமினாள். வெறும் எச்சில்தான் வந்தது. நர்ஸ் தலையாட்டிவிட்டு, உப்புநீர் ஆவியைப் பிடிக்கும் முகமூடியைக் கொண்டுவந்து மாட்டினாள். ஆவி உள்ளே போனதும் உடம்பு குலுங்கிக் குலுங்கி வந்த இருமலில் கண்ணெல்லாம் தண்ணீர். சளி பிடித்த டப்பியை மூடி வெளியே நீட்டியபோது நர்ஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஊரை விட்டு வந்த பிறகு அவள் செய்த ஒரு காரியத்தை யாரோ பாராட்டியது அதுதான் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். நர்ஸ் பயந்திருப்பாள்.

மூன்று காலையும் முடிந்தது. அப்புறம் காத்திருப்பு.

ஒரு சாயங்காலம் கணவன் வரும்போது நீல நிறத்தில் ஒரு தட்டும் ஒரு குவளையும் வாங்கி வந்தான். "ஆஃபர்ல போட்டிருந்தான். உனக்குப் பிடிக்குமேன்னு..." என்று சொல்லி மேஜைமேல் வைத்தான். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு ஒற்றைத் தட்டை ஆஃபரில் போடுகிற கடை எது என்று அவள் கேட்கவில்லை. நீலத் தட்டில் சாப்பிட்டாள், நீலக் குவளையில் குடித்தாள், இரண்டையும் தனியாகக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தாள். அவன் முகத்தில் ஒரு நிம்மதியும் ஒரு கூச்சமும் சேர்ந்து தெரிந்தன. வீட்டில் பேச்சு இல்லாமல் போகவில்லை. பால் இருக்கா, கரண்ட் பில் கட்டியாச்சா, பாப்பா ஷூ சின்னதாயிடுச்சு. எல்லாம் பேசினார்கள். பகலில்தான் தனியாக இருக்கிறோம் என்று நாலு வருஷமாக நினைத்திருந்தாள். கணவனும் மகளும் வீட்டில் இருக்கும்போதும் தனியாக இருக்க முடியும் என்பதை அந்த வாரங்களில்தான் கற்றுக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை, மகளைக் கடைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி அவன் கூட்டிப்போனான். மறுநாள் குளிக்க வைக்கும்போது, மகளின் முன்கையில் பேனாவால் போட்ட ஒரு வட்டம் இருந்தது. நடுவில் ஊசி குத்திய சின்னப் புள்ளி. சோப்புக் கையோடு மகள் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"என்ன பாப்பா இது?"

"ஒண்ணும் இல்ல."

"யாரு போட்டா?"

மகள் உதட்டைக் கடித்தாள். "அப்பா அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க."

அவளுக்குப் புரிந்தது. தோலுக்கடியில் மருந்து ஏற்றி, இரண்டு நாள் கழித்து அந்த இடம் தடிக்கிறதா என்று பார்க்கும் டி.பி. சோதனை. பத்தொன்பது வயதில் அவளுக்கே பண்ணியிருக்கிறார்கள். சோதனை எடுத்ததில் அவளுக்குக் கோபம் இல்லை. அவன் இடத்தில் இருந்தால் அவளும் எடுத்திருப்பாள். ஆறு வயதுப் பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மகளைத் துவட்டி உடுப்புப் போட்டுவிட்டு நேரே ஹாலுக்கு வந்தாள். அவன் செய்தித்தாள் போல் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டெஸ்ட் எடுங்க. நூறு டெஸ்ட் எடுங்க. தப்பே இல்ல" என்றாள். "ஆனா அம்மாகிட்ட சொல்லாதேன்னு பாப்பாகிட்ட சொல்லாதீங்க. அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு நான் பதினஞ்சு வருஷம் இருந்திருக்கேன். அவளுக்கு அது வேணாம்."

குரல் உயரவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக் கையை மேலே சுருட்டினான். அவன் கையிலும் ஒரு வட்டம். வட்டத்துக்குள் தோல் சிவந்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தடித்திருந்தது.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, பாரு, தட்டையாத்தான் இருக்கு" என்றான். "எனக்குத்தான்... காலையிலேர்ந்து வீங்கிக்கிட்டே வருது."

அவன் முகத்தைப் பார்த்தாள். குளியலறையில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. "என்கிட்டேர்ந்து வந்ததுன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவன் சட்டைக் கையைக் கீழே இறக்கிப் பொத்தானைப் போட்டான். ஆமாம் என்றுதான் அர்த்தம்.

மறுநாள் இரண்டு பேரும் அந்த டாக்டரம்மாவிடமே போனார்கள். அவர் அவன் கையை அளவுகோல் வைத்து அளந்தார், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "உங்களுக்கு நோய் இல்ல. கிருமி உள்ள தூங்குது, அவ்வளவுதான். உங்க நாட்டுப் பக்கத்துலேர்ந்து வர்றவங்கள்ல நிறைய பேருக்கு இப்படி இருக்கும். மத்தவங்களுக்கு ஒட்டாது. முழிச்சுக்காம இருக்க சில மாசம் மாத்திரை சாப்பிடுங்க" என்றார்.

"என் மனைவிகிட்டேர்ந்து...?" என்று இழுத்தான்.

"அவங்க உங்களைக் கல்யாணம் பண்றதுக்கு முன்னாடியே குணமாயிட்டாங்க. உங்களுக்கு இது சின்ன வயசுல பஸ்ல வந்திருக்கலாம், ஸ்கூல்ல வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவன் மாத்திரைப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான், யாராவது பார்த்துவிடுவார்கள் என்பது மாதிரி. வெகுதூரம் வந்தபிறகு, "வேலை இடத்துல யாருக்கும் தெரிய வேணாம்" என்றான். சொன்னபிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவளுக்குச் சுருக்கென்று குத்திக்காட்ட ஒரு வாய்ப்பு. நாக்கு நுனிவரை வந்தது. "நாளைக்கு ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலர்ல போகும். பயப்படாதீங்க. மருந்தோட கலர்தான்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு அவன் போர்வையும் மகளின் தலையணையும் உள்ளே வந்துவிட்டன. மன்னிப்பு என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. அவளும் கேட்கவில்லை. தான் மறைத்ததற்கு அவளும் கேட்டிருக்க வேண்டும்தானே. இருவரும் ஒரு கடனை ஒருவருக்கொருவர் தள்ளுபடி செய்துகொண்டாற்போல் இருந்தார்கள். ஆனால் தள்ளுபடி செய்த கடனும் மனசின் ஒரு மூலையில் ஞாபகம் இருக்கத்தான் செய்யும்.

சளியில் கிருமி எதுவும் வளரவில்லை என்று முடிவு வந்தது. அதற்குப் பிறகு விண்ணப்பம் எங்கெங்கோ சுற்றி, மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவளுக்கும் பி.ஆர். வந்து சேர்ந்தது. அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா சந்தோஷப்பட்டாள். "மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டாள். "சொல்லலம்மா" என்றாள். எதைச் சொல்லவில்லை என்று இருவரும் விளக்கிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அம்மா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எடுத்தால் தேவலாம் என்று இவளுக்குச் சில நாள் இருக்கும்.

வேலையும் கிடைத்தது. கடைகளுக்கு லென்ஸ் வெட்டி அனுப்புகிற ஒரு பட்டறை. தொழிற்பேட்டையில், ஜன்னல் இல்லாத நீளமான கூடம். பழைய ஊரில் கையால் தேய்த்ததை இங்கே இயந்திரம் தேய்க்கிறது. அவள் அளவை ஏற்றி, லென்ஸை வைத்து, வெளியே வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். முதல் வாரம் மூன்று லென்ஸை உடைத்தாள். மேற்பார்வையாளர் திட்டவில்லை, நாலாவதை அவளே எடுத்துக்கொள்ளும்படி பெட்டியை நகர்த்தி வைத்தார். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் ஒரு மேஜையில் கூடி வேகவேகமாகப் பேசிச் சிரிப்பார்கள். அந்த வேகத்துக்கு அவள் காது இன்னும் பழகவில்லை. கடைசி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். எல்லோரும் சிரிக்கும்போது ஒரு விநாடி தாமதித்து அவளும் சிரிப்பாள். வேலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணியிருந்தவளுக்கு, அது ஏமாற்றம்தான். ஆனாலும் மாலையில் கை வலியோடு பஸ்ஸில் உட்காரும்போது, நாள் வீணாகவில்லை என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். கணவன் சோபாவில் சாய்ந்திருந்தான். அந்த வாரம் முழுக்க ஒரு கம்ப்ரஸர் அவனைப் படாதபாடு படுத்தியிருந்தது. திடீரென்று, "அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு? அந்த ஆறு மாசம்?" என்று கேட்டான்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. அம்மா, மாத்திரை போட்டாயா என்று கேட்டிருக்கிறாள். டாக்டர், முழுசாகச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். எப்படி இருந்தது என்று யார் கேட்டார்கள்?

ஆரம்பித்தாள். முதலில் சொல் தடுக்கியது, அப்புறம் தானாக வந்தது. அதிகாலை பஸ்ஸின் டீசல் வாடை, கூடவே வந்து வேறு நிறுத்தத்தில் இறங்கும் பூக்காரம்மா, மருந்தகத்து மரப்பெஞ்சு. மாத்திரை கொடுக்கிற அண்ணனுக்குக் கண்ணாடி எப்போதும் மூக்கில் நிற்காது. ஒருநாள் அதைக் கேட்டு வாங்கித் திருகை முடுக்கிக் கொடுத்தாள். "அதுக்கப்புறம் எனக்கு மட்டும் அவர் தண்ணியைக் கொதிக்கவெச்சுத் தருவாருங்க" என்று சொல்லித் திரும்பினாள். அவன் தூங்கிப் போயிருந்தான். வாய் லேசாகத் திறந்து, சீராக மூச்சு வந்துகொண்டிருந்தது.

அவள் நிறுத்தவில்லை. ஒரு சட்டையை எடுத்து மடித்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் மிச்சத்தையும் சொன்னாள். கடைசி நாள் மாத்திரை விழுங்கி முடித்ததும் அந்த அண்ணன், "இனிமே இந்தப் பக்கமே வராதே, நல்லா இரு" என்று சொன்னது. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், வந்த பஸ்ஸில் ஏறி, தன் ஊரில் இறங்காமல் பஸ் நிற்கிற கடைசி ஊர் வரைக்கும் போனது. அங்கே ஒரு குளம் இருந்தது. கரையில் துணி துவைக்கிற பெண்கள் இருந்தார்கள். முகத்திலிருந்த துணியை அவிழ்த்துவிட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, எந்த மருந்தும் எந்த இருமலும் இல்லாமல், வெயில் ஏறும்வரைக்கும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மகள் வரைவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "யாருகிட்டம்மா பேசுற?"

"சும்மாதான்டா" என்றாள். மடித்த சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.